பெரிய விலங்கு வேட்டைக்கு எந்தக் குண்டை நம்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கியைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவர்களிடம் எந்தக் குண்டு போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியில் என்ன கிடைத்ததோ அது என்பார்கள். ஆனால் விலங்கின் உடலைத் தொடுவது ரைபிளும் இல்லை, அதன் மேல் பூட்டிய தொலைநோக்கியும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டுதான் தொடுகிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், முறையான உரிமத்தோடு பெரிய மான், காட்டுப்பன்றி, கரடி, எருமை போன்றவற்றை வேட்டையாடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குண்டும் தோட்டாவும் ஒன்றுதானே?

இல்லை. பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. ஒரே அளவுத் தோட்டாவில் ஐந்தாறு வகைக் குண்டுகள் வரும். ".308 வாங்கினேன்" என்று ஒருவர் தோட்டாவின் அளவை மட்டும் சொன்னால் அவர் குண்டைப் பற்றி இன்னும் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

நம்பகமான குண்டு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

குண்டுக்கு இரண்டு வேலைகள். உடலுக்குள் நுழைந்ததும் விரிய வேண்டும். விரிந்த பிறகும் நிற்காமல் இதயம், நுரையீரல் வரை போய்ச் சேர வேண்டும். சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. அதிகம் விரிந்தால் ஆழம் குறையும். விரியவே இல்லையென்றால் ஊசி போல ஒரு சிறு துளையை மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும், விலங்கு மைல் கணக்கில் ஓடும்.

இருபது மீட்டரில் எலும்பில் பட்டாலும், முந்நூறு மீட்டரில் விலா இடுக்கில் பட்டாலும், ஒரே மாதிரி நடந்துகொள்கிற குண்டைத்தான் நான் நம்பகமானது என்பேன். நல்ல கோணத்தில், நடுத்தரத் தூரத்தில், அசையாமல் நிற்கும் விலங்கின் மீது எந்தக் குண்டும் நல்ல குண்டுதான். நீங்கள் சுடக்கூடிய மிக மோசமான கோணத்தை மனத்தில் வைத்துக் குண்டைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1946இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் நாஸ்லர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற மிகப் பெரிய மானை வேட்டையாடப் போனார். கையில் .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்தில் மிக வேகமான தோட்டாக்களில் ஒன்று. பெரிய ஆண் மூஸ் ஒன்று உடம்பெல்லாம் காய்ந்த சேற்றுடன் அருகிலேயே நின்றது. குண்டுகள் பட்டன, ஆனால் உள்ளே போகவில்லை. வேகம் தாங்காமல் சேற்றிலும் தோள்பட்டையிலும் உடைந்து சிதறின. ஊர் திரும்பியவர் ஒரு செப்புத் தண்டை எடுத்து இரண்டு முனையிலிருந்தும் துளைத்து, நடுவில் மட்டும் ஒரு சுவரை விட்டுவைத்து, இரு பக்கமும் ஈயத்தை நிரப்பினார். முன்பாதி விரிந்தாலும் உடைந்தாலும் சுவர் பின்பாதியைக் காப்பாற்றும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' குண்டு இன்றைக்கும் விற்கிறது. விரிவதற்கு ஒரு பாதி, துளைப்பதற்கு ஒரு பாதி என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததுதான் அதன் சூட்சுமம்.

என்னென்ன வகைகள் உண்டு? குழப்பமாக இருக்கிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கவர்ச்சிப் பெயர்களை மறந்துவிடுங்கள். உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது சாதாரண மென்முனைக் குண்டு. ஈயத்தைச் செப்புக் கலவை உறைக்குள் திணித்து, முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். ரெமிங்டன் நிறுவனத்தின் கோர்-லாக்ட் குண்டு 1939 முதல் இந்த வழியில் வருவதுதான். மலிவு, பெரும்பாலான மான்களுக்குத் தாராளமாகப் போதும். மிதமான வேகத்தில் சுட்டால் என்னால் இதைக் குறை சொல்ல முடியாது. அதிவேகத் தோட்டாவில் வைத்து அருகில் நிற்கும் விலங்கின் எலும்பில் அடித்தால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது மேலே சொன்ன தடுப்புச் சுவர்க் குண்டு. முன்பாதி ஈயத்தை வழியிலேயே இழந்துவிடுவதால் மீட்டு எடுத்தால் எடை மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். அதைப் பார்த்துக் குண்டு தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது வடிவமைப்பிலேயே அப்படித்தான்.

மூன்றாவது பிணைப்புக் குண்டு. ஈயத்தையும் உறையையும் பற்றவைத்தது போல ஒட்டிவிடுகிறார்கள். ஈயம் உறையைவிட்டு நழுவாது. எண்பது, தொண்ணூறு சதவீத எடை மிஞ்சுவது சாதாரணம். தடுப்புச் சுவரையும் பிணைப்பையும் சேர்த்துச் செய்த ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் போன்றவை பெரிய, முரட்டு உடல்களுக்கென்றே ஆனவை.

நான்காவது முழுச் செப்புக் குண்டு. ஈயமே கிடையாது. முனையில் ஒரு குழி, அதைச் சுற்றி வெட்டுக் கோடுகள். உடலில் பட்டதும் நான்கு இதழாக மலரும். 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 'எக்ஸ்' குண்டு இந்த வகையைப் பரவலாக்கியது. உடைவதற்கு இதில் எதுவுமில்லை, எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஐந்தாவது விரியவே விரியாத கெட்டிக் குண்டு. பித்தளையிலோ செம்பிலோ கடைந்தது, அல்லது உறைக்குள் எஃகைக் கொடுத்துச் செய்தது. யானை, ஆப்பிரிக்க எருமை போன்றவற்றுக்கு மட்டும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கனமான குண்டுதான் நல்லது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். சரியா?

அவர் காலத்துக்கு முழுக்கச் சரி. இப்போது பாதி சரி. ஊடுருவலை முடிவு செய்வது வெறும் எடை இல்லை, விட்டத்துக்கு ஏற்ற எடை. இதைக் குறுக்குவெட்டு அடர்த்தி என்பார்கள். .308 அங்குல விட்டமுள்ள 150 கிரெய்ன் குண்டுக்கு இது 0.226, அதே விட்டத்தில் 180 கிரெய்னுக்கு 0.271. அதைவிட ஒல்லியான 6.5 மில்லிமீட்டரில் 140 கிரெய்ன் குண்டுக்கோ 0.287 வரும். எடை குறைவு, ஆனால் நீளமானது. அதனால்தான் அந்த ஒல்லிக் குண்டு தன் எடைக்கு மீறிய ஆழம் போகிறது. (ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம். 180 கிரெய்ன் என்றால் பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேலே.)

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குண்டு சுடப்படுவதற்கு முன் உள்ள எடையை வைத்துப் போட்டது. உடலுக்குள் பாதியாக உடைகிற 180 கிரெய்ன் குண்டைவிட முழுசாக மிஞ்சுகிற 150 கிரெய்ன் செப்புக் குண்டு ஆழமாகப் போகும். சாதாரண மென்முனை வாங்கினால் அந்த அளவில் கனமானதை வாங்குங்கள். பிணைப்போ செம்போ வாங்கினால் ஒரு படி இறங்கலாம்.

ஆற்றல் எத்தனை ஜூல் இருந்தால் போதும்?

எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் குழல் வாயில் சுமார் 3950 ஜூல். சில நாடுகளின் சட்டம் குறைந்தபட்ச ஆற்றலைக் கேட்கிறது, அதற்குக் கணக்குப் பாருங்கள். மற்றபடி, அந்த ஆற்றல் நுரையீரலில் செலவானதா, தோள்பட்டைத் தோலிலேயே செலவானதா என்று ஜூல் சொல்லாது.

அருகில் சுட்டால் குண்டு இன்னும் பலமாகத்தானே வேலை செய்யும்?

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். தூரம் அதிகமானால்தான் கஷ்டம் என்று நினைத்து வேகமான தோட்டாவை வாங்குகிறார்கள். காட்டில் விலங்கு முப்பது மீட்டரில் எழுந்து நிற்கிறது. .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 900 மீட்டரையொட்டிய வேகத்தில் புறப்படுகிறது. அந்த வேகம் குறையவே இல்லாத நிலையில் குண்டு எலும்பைச் சந்திக்கிறது. குண்டுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

நானே பட்டிருக்கிறேன். வெகு காலத்துக்கு முன் ஓர் இலேசான, அதிவேகக் குண்டை ஏற்றிக்கொண்டு காட்டுப்பன்றிக்குக் காத்திருந்தேன். தகரத்தாள் இலக்கில் மூன்று குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்ததைப் பார்த்து மயங்கி வாங்கியது அது. இருபத்தைந்து மீட்டரில் பெரிய ஆண் பன்றி, தோள்பட்டையில் அடித்தேன். விழுந்தது, எழுந்தது, போய்விட்டது. இருட்டுகிற வரை தேடி, மறுநாள் விடியலில் இன்னொருவரின் நாயை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். தோலை உரித்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஆண் பன்றிக்குத் தோளில் குருத்தெலும்பு போன்ற ஒரு கெட்டியான கவசம் இருக்கும். குண்டு அதிலேயே தூள் தூளாகியிருந்தது. விரல் நகம் அளவு உறைத் துணுக்குகள் கையில் குத்தின. பள்ளத்துக்குக் கீழே தோள் எலும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஒரே ஒரு ஈயத் துணுக்கு வழி தப்பி நுரையீரலைத் தொட்டிருந்தது. அந்தப் பெட்டியில் மீதி இருந்தவற்றை அதற்குப் பிறகு தாள் இலக்குகளில் மட்டுமே செலவழித்தேன்.

அப்படியானால் தூரத்தில்?

தூரத்தில் சிக்கல் தலைகீழ். வேகம் குறைந்தால் குண்டு விரியாது. அந்த 823 மீட்டர் வேகக் குண்டு, முந்நூறு மீட்டரை நெருங்கும்போது நொடிக்கு 650 மீட்டரையொட்டி இறங்கிவிடும். ஈய முனையுள்ள குண்டுகள் பல 550 மீட்டர் வேகம் வரை விரியும். செம்பு கெட்டியான உலோகம், 600க்கு மேல் இருந்தால் நல்லது. தயாரிப்பாளர் தன் குண்டுக்குக் குறைந்தபட்ச விரிவு வேகத்தைக் கொடுத்திருப்பார். அந்த வேகம் உங்கள் துப்பாக்கியில் எந்தத் தூரத்தில் வருகிறதோ, அதோடு உங்கள் எல்லை முடிந்தது. இலக்கை அடிக்க முடிகிற தூரம் வேறு, குண்டு வேலை செய்கிற தூரம் வேறு.

போட்டிகளில் சுடும் 'மேட்ச்' குண்டின் முனையிலும் குழி இருக்கிறதே, அது விரியாதா?

அந்த ஊசித் துளை விரிவதற்காக வைத்ததில்லை. உறையை அடியிலிருந்து முனை நோக்கி இழுத்துச் செய்வதால் கடைசியில் மிஞ்சுகிற வாய் அது. சில நேரம் விரியும், சில நேரம் வெடித்துச் சிதறும், சில நேரம் அப்படியே ஊடுருவும். முன்கூட்டிச் சொல்ல முடியாத குண்டு வேட்டைக்கு ஆகாது.

பிளாஸ்டிக் முனை வேறு சங்கதி. அது காற்றைக் கிழிக்கும் கூர்மையைத் தருகிறது, பட்டதும் ஆப்பு போல உள்ளே அழுந்தி விரிவைத் தொடங்கி வைக்கிறது. ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. மெல்லிய உறைக் குண்டிலும் அதே முனை இருக்கும், பிணைப்புக் குண்டிலும் இருக்கும்.

ராணுவத்தில் மிஞ்சிய, முழு உறை போட்ட குண்டு மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. முனை மூடிய குண்டு விரியாது. இதயத்தில் பட்டாலொழிய விலங்கு தவித்துக்கொண்டு வெகுதூரம் போகும். பல நாடுகளில் பெரிய விலங்குக்கு இதைப் பயன்படுத்துவது சட்ட விரோதமும்கூட. விரியும் குண்டுக்கு 'தம்தம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கல்கத்தா அருகே தம்தமில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1890களில் அத்தகைய குண்டைச் செய்ததால் வந்த பெயர். 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் அதைத் தடை செய்தார்கள். போரில் கொடுமை என்று தடை செய்ததும், வேட்டையில் வதையைக் குறைக்கும் என்று கட்டாயமாக்கியதும் ஒரே குண்டைத்தான். வேட்டையில் விலங்கு அந்த இடத்திலேயே சாக வேண்டும் என்பது நோக்கம் என்பதால் கணக்கு மாறிவிடுகிறது.

ஈயமா, செம்பா?

வெறும் ஊடுருவலை மட்டும் பார்த்தால் செம்பு. அதோடு விடாமல் இறைச்சியையும் பார்த்தால் மறுபடியும் செம்பு. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளைக் காயத்தைச் சுற்றி வெகு அகலத்துக்கு விதைத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் பனி பொழிந்தது போல வெள்ளைப் புள்ளிகள். காட்டில் விட்டுவரும் குடலையும் கழிவையும் பிணந்தின்னிப் பறவைகள் தின்று ஈய நஞ்சால் சாகின்றன. கலிஃபோர்னியாவில் காண்டர் கழுகுகள் வாழும் பகுதியில் 2008இல் ஈயக் குண்டுக்குத் தடை வந்தது, 2019 ஜூலையில் மாநிலம் முழுக்க விரிந்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் குண்டுகளிலும் ஈயத்தை நிறுத்திவிட்டது. இந்தப் பட்டியல் இனிக் குறையப் போவதில்லை.

செம்புக்கு மாறும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தின் அடர்த்தி 11.34. அதனால் அதே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டை நிலையாகச் சுழற்றக் குழலின் மரைப்புரி, அதாவது உட்சுவரில் வெட்டிய சுருள் வரி, வேகமாகச் சுற்றியிருக்க வேண்டும். பழைய, மெதுவான புரியுள்ள குழலில் கனமான செப்புக் குண்டு தலைகுப்புறப் பறக்கும். எடையைக் குறையுங்கள், தீர்ந்தது. இரண்டாவது, மாறுவதற்கு முன் குழலில் பழைய குண்டுகள் விட்ட படிவு ஒரு துளிகூட இல்லாமல் துடையுங்கள். "செம்பு என் துப்பாக்கிக்குச் சேரவில்லை" என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள். மூன்றாவது, செப்புக் குண்டின் தோல்வி வேறு மாதிரி. முனைக் குழி நசுங்கி மூடிக்கொண்டால் அது விரியாமல் போய்விடும். வேகம் குறைந்த தூரத்தில்தான் இது அதிகம்.

எருமை, யானை அளவுக்கு?

அங்கே விதிகள் வேறு. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான விலங்குக்கு .375 அளவுதான் சட்டப்படி குறைந்தபட்சம். .375இல் 300 கிரெய்ன் குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தி 0.305, அதுவே அங்கு தொடக்கம். எருமைக்கு முதல் குண்டு உறுதியான பிணைப்புக் குண்டு, அடுத்தவை விரியாத கெட்டிக் குண்டு என்பது பலரின் வழக்கம். முதல் குண்டுக்கு ஒரு காரணம் உண்டு. எருமை மந்தையில் நிற்கும், ஊடுருவிப் போகும் குண்டு பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயம்பட்ட எருமை ஒன்றே போதும், இரண்டு வேண்டாம். இரண்டாவது குண்டு பெரும்பாலும் திரும்பி ஓடும் உடலின் பின்புறத்திலிருந்து நெஞ்சு வரை போக வேண்டியிருக்கும், அதற்குக் கெட்டிக் குண்டு. அதிலும் உருண்டை முனையைவிடத் தட்டை முனை நேராகப் போகும்.

'கரமோஜோ' பெல் என்று அறியப்பட்ட பழைய யானை வேட்டைக்காரர் வால்டர் பெல் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பகுதியை 7×57 என்ற சிறிய தோட்டாவால். இதைச் சொல்லிச் சின்னத் துப்பாக்கியே போதும் என்று வாதிடுவார்கள். அவர் போட்டது நீளமான, விரியாத குண்டு. யானை மண்டையை அறுத்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டுச் சுட்டவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் அந்தத் துப்பாக்கியை மட்டும் கடன் வாங்க முடியாது.

குண்டு மறுபக்கம் வெளியேற வேண்டுமா, உள்ளேயே நிற்க வேண்டுமா?

வெளியேறினால் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு துளையிலிருந்தும் இரத்தம் சிந்தும், புல்லில் தடம் பிடிப்பது சுலபம். உள்ளேயே நின்றால் ஆற்றல் முழுக்க உடலில் தங்கும் என்பது ஒரு கட்சி. பின்னால் வேறு விலங்கோ ஆளோ இல்லாத இடத்தில் அந்தக் கட்சியில் நான் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் வீட்டில் இல்லை, துப்பாக்கி சுடும் களத்தில். பழைய செய்தித்தாள்களை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பிழியாமல், கட்டுக் கட்டாக ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கி, பின்னால் மண்மேடு இருக்கும்படி வையுங்கள். முதலில் முப்பது மீட்டரிலிருந்து ஒன்று சுடுங்கள், பிறகு நீங்கள் வேட்டையில் சுடும் கடைசித் தூரத்திலிருந்து ஒன்று. கட்டுகளைப் புரட்டிக்கொண்டே போனால் துளை எங்கே அகலமாகிறது, எங்கே சுருங்குகிறது என்று பக்கம் பக்கமாகத் தெரியும். முதல் நான்கு விரற்கடைக்குள் அகன்று அங்கேயே முடிந்துவிட்டால் பெரிய உடலுக்கு ஆகாது. கடைசித் தூரத்தில் துளை அகலவே இல்லையென்றால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தாளில் எலும்பு இல்லை, தோல் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆய்வகத்தில் வைக்கும் ஜெலட்டினிலும் இல்லை. இது இரண்டு குண்டுகளை ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

உண்மையான சாட்சி விலங்கின் உடலில் கிடைக்கும் குண்டு. பெரும்பாலும் மறுபக்கத் தோலுக்கு அடியில் தங்கியிருக்கும். தோல் ரப்பர் போல நீண்டு அதைப் பிடித்துவிடும். விரலால் தடவினால் கோலிக்குண்டு போல நகரும். கத்தியால் கீறி எடுத்துக் கழுவி எடை போடுங்கள். ஒருமுறை 180 கிரெய்ன் பிணைப்புக் குண்டொன்று தோள் எலும்பையும் இரண்டு விலாக்களையும் உடைத்துவிட்டு 158 கிரெய்னாக என் கைக்கு வந்தது. முனை சுருண்டு பின்னால் மடிந்து, விட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, அடிப்பாகம் அப்படியே நேராக. மடிப்புக்குள் ஒரு எலும்புச் சில்லு சிக்கியிருந்தது. அந்தக் குண்டை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

நூறு மீட்டரில் ஒரு அங்குல வட்டத்துக்குள் அடிக்கிற குண்டா, ஒன்றரை அங்குலத்துக்கு அடிக்கிற குண்டா?

ஒன்றரை அங்குலம் அடிப்பது கட்டுமானத்தில் உறுதியானதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். பெரிய விலங்கின் இதய நுரையீரல் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. அரை அங்குலம் அங்கே ஒரு பொருட்டில்லை. மூன்று குண்டு சுட்டு முடிவு கட்டாமல், குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைப் பல நாட்களில் பாருங்கள். வேட்டையில் கிடைப்பது அந்த முதல் குண்டுதான்.

நல்ல குண்டு, தவறான இடத்தில் பட்டாலும் காப்பாற்றுமா?

வயிற்றில் பட்ட நல்ல குண்டும் வயிற்றில் பட்ட குண்டுதான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், வேட்டைக்காரனுக்கும் அது பொருந்தும். நல்ல குண்டு உங்களுக்குத் தருவது கோணத்தில் கொஞ்சம் சலுகை. சற்றே சாய்ந்து நிற்கும் விலங்கின் தோள் எலும்பைக் கடந்து நெஞ்சுக்குள் போகும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சுற்றி வளைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்.

.308, .30-06, 7 மில்லிமீட்டர் என்ற நடுத்தரத் தோட்டாக்களில், முந்நூறு மீட்டருக்குள், எருமைக்குக் கீழ்ப்பட்ட எல்லாவற்றுக்கும் பிணைப்புக் குண்டு. .308 விட்டத்தில் 165 அல்லது 180 கிரெய்ன். ஈயத்துக்குத் தடை உள்ள இடத்தில், அல்லது இறைச்சியைக் குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்றால், 150 முதல் 168 கிரெய்ன் வரையிலான செம்பு. மேக்னம் என்ற அதிவேகத் தோட்டா வைத்திருப்பவர்கள் சாதாரண மென்முனைப் பக்கம் போகவே வேண்டாம். பெட்டிகளை ஒரே உற்பத்தி எண்ணில் இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குங்கள். எண் மாறினால் குறி கொஞ்சம் நகரும், தொலைநோக்கியை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.